கிட்னிக்கு ஒரு அர்ச்சனை

செலண்டார்,
4 மார்ச் 2025

அன்புத் தம்பி திவாகருக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் கோழிகளும் நலம். போனில் பேசினால் என் வாய் தடித்துவிடும், அதனால்தான் காகிதம்.

உனக்கு நான் கிட்னி கொடுக்கும் ஆபரேஷனுக்காக நேற்று மயக்க மருந்து டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோது உன் மனைவி வாணியும் கூட வந்தாள். முன்பு மயக்கம் கொடுத்தபோது ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று டாக்டரம்மா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வாணி, "அக்காவுக்கு ஒண்ணும் ஆனதில்ல டாக்டர்" என்றாள்.

கர்ப்பப்பையை எடுத்தபோது அந்த வாயு மயக்கத்தால் நான் குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்து, தையல் பிரிந்து, மறுபடி தைத்தார்களே. வாளி பிடித்தவளே அவள்தான். வெளியே வந்து ஏன் என்று கேட்டால், "அவர்தான்லா அப்படிச் சொல்லச் சொன்னாரு" என்கிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன காரணம் என்று நீயே எழுது.

அன்புடன்,
உன் அக்கா விஜயராணி

ஆயர் குரோ,
6 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதீர்கள். நான் நிறையப் படித்துவிட்டுத்தான் சொன்னேன். மயக்கம் இரண்டு விதம். ஒன்று மூச்சில் போகும் வாயு, மற்றது நரம்பில் ஏற்றும் மருந்து. கிட்னியை எடுத்து வைக்கும்போது ரத்தம் நின்று மறுபடி பாய்கிறது. அந்த நேரத்தில் அது அடிபடாமல் வாயு காக்கலாம் என்று ஓர் ஆய்வில் போட்டிருக்கிறார்கள். உங்கள் வாந்தியைச் சொன்னால் டாக்டர் வாயுவை விட்டுவிடுவார். உங்கள் கஷ்டம் சில நாளில் தீர்ந்துவிடும். எனக்குக் கிட்னி ஆயுசுக்கும் வேண்டுமே. டயாலிசிஸ் நாற்காலியில் கிடந்து பார்த்தால்தான் தெரியும்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை வைத்திருக்கிறோம். உங்கள் நட்சத்திரம் என்ன? கிட்னி நல்லபடியாக வேலை செய்யத்தான். அது பிறந்தது உங்கள் நட்சத்திரத்தில் என்பதால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறாள் வாணி.

அன்புத் தம்பி,
திவாகர்

செலண்டார்,
10 மார்ச் 2025

திவாகருக்கு,

நட்சத்திரம் கேட்ட வரியைப் படித்ததும் மனசு குளிர்ந்துபோனது. தம்பி என் பெயருக்கும் அர்ச்சனை செய்கிறான் என்று நினைத்தேன். அடுத்த வரி வந்தது. சீ. பசாரில் கோழி வாங்குகிறவன்கூட ஈரலை மட்டும் நலம் விசாரிக்க மாட்டான். கடிதத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

இன்று நான் மட்டும் போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எந்த மயக்கம் கிட்னிக்கு நல்லதுன்னு இன்னும் யாரும் முடிவா சொல்லலம்மா. உங்க உடம்புக்கு எது ஒத்துக்குதோ அதுதான் கொடுப்பேன்" என்றார். ஆபரேஷன் நேரத்தில் ரத்த அழுத்தத்தையும் உடம்பில் நீரையும் சரியாக வைத்திருப்பதுதான் முக்கியமாம். எனக்கு நரம்பில் ஏற்றும் மருந்துதான்.

விருப்பமில்லையென்றால் இப்போதும் விலகிக்கொள்ளலாம், காரணத்தை யாருக்கும் சொல்ல மாட்டோம் என்றும் சொன்னார். எழுந்து வந்துவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். நீ சாவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதைப் பாசம் என்று எண்ணிக்கொள்ளாதே.

ஆபரேஷன் முடிந்ததும் என் கட்டில் பக்கம் யாரும் வர வேண்டாம். பக்கத்து வீட்டு ராஜம்மா துணைக்கு வருகிறாள். என் வயிறு குமட்டுமா என்று கேட்டவள் அவள்தான்.

அர்ச்சனைக்கு உன் நட்சத்திரத்தையே சொல்லிக்கொள். கிட்னியை எடுத்த பிறகு அது உன்னுடையது. எனக்கும் உனக்கும் அதற்குமேல் ஒன்றும் இல்லை.

விஜயராணி