உங்கள் பேச்சுக்குப் பிந்தி வந்த எழுத்துகள்

அக்கா,

நீங்கள் மறைந்த பின்னும் உங்கள் கைப்பேசி உறையில் பெருங்காய வாசனை இருக்கிறது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் தாளித்த கையோடு அதை எடுத்துப் பேசுவீர்கள். போன வாரம் உங்கள் வீட்டுக்காரர் புந்தோங்கிலிருந்து அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“டீச்சர், ஒங்க பிரியாவிடையில அவ மைக்குல பேசுனா. எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்து கேட்டா, ‘சும்மாலா’ன்னுட்டா. அப்படி என்னா சொன்னா?”

ஜெலாப்பாங் தொழிற்சாலை இயந்திரம் அண்ணனின் காதைப் பறித்துக்கொண்ட பிறகு, அவர் உங்கள் உதடுகளைப் படித்தே வாழ்ந்தவர். அன்று அந்த இடத்தில் மட்டும் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நானே அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் சொல்லை உங்கள் உருவத்தோடு அவர் படிக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். உங்கள் கைப்பேசியில் பதிவாகியிருந்த அந்தப் பிரியாவிடைக் காணொளியைத் தொகுப்பு மென்பொருளில் ஏற்றி, நீங்கள் பேசியது படத்தின் அடியில் வரும்படி வரி வரியாகத் தட்டெழுதினேன். முதல் சில வரிகள் உங்கள் வாயசைவோடு பொருந்தின. அது போதுமென்று அண்ணனை அழைத்துவிட்டேன்.

சற்று நேரத்தில் அவர் திரையைத் தட்டினார். “அவ வாய மூடிட்டா டீச்சர். எழுத்து இன்னும் பேசிக்கிட்டு இருக்குலா.”

நான் நிறுத்துவதற்குள் கூட்டம் சிரித்தபடி அவர் பக்கம் திரும்பியது. திரையின் அடியில் அப்போது நின்றதோ, சிற்றுண்டிச்சாலை மின்விசிறியைப் பற்றி நீங்கள் முன்னதாகச் சொன்ன வரி: ‘பழசு, எந்நேரமும் சத்தம். என்னா செய்ய, பழகிப் போச்சு.’

“அந்தக் காத்தாடியோடயா என்னைய சேத்துட்டா?” என்றார். முகம் சுருங்கிவிட்டது.

இல்லை, எழுத்து பிந்திவிட்டது என்றேன். சரியென்று தலையாட்டினார், நம்பவில்லை.

எல்லா எழுத்துகளையும் ஒட்டுமொத்தமாக முன்னுக்கு நகர்த்திப் பார்த்தேன். முடிவு பொருந்தியது, தொடக்கம் கெட்டது. நீங்கள் வாய் திறக்கும் முன்பே வணக்கம் வந்து நின்றது. தெலுக் இந்தான் பேருந்து தாமதமாகக் கிளம்பினால் எல்லா நிறுத்தத்துக்கும் ஒரே அளவுதான் பிந்தும். மெதுவாக ஓடினால், போகப் போகப் பிந்தும். இது இரண்டாவது வகை. கிளம்பும் நேரத்தை மாற்றிப் பயனில்லை. மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் கைப்பேசி ஒரு நொடிக்கு எடுக்கும் படங்களைக் கூட்டியும் குறைத்தும் எடுத்திருக்கிறது. மென்பொருளோ எல்லா நொடியிலும் ஒரே எண்ணிக்கை என்று நம்பிவிட்டது. பதிவை முதலில் சீரான வேகத்துக்கு மாற்றினேன். பிறகு எழுத்துகளை மறுபடி அமைத்து, தொடக்கம், நடு, முடிவு எல்லாம் பார்த்தேன்.

அண்ணன் தயங்கித்தான் வந்து உட்கார்ந்தார். கூட்டம் திரும்பும்போது சரியான வரி வந்தது: ‘எங்க வீட்டுக்காரருக்கு எது சொன்னாலும் காதுல விழாது. நா சாப்பிடாம இருந்தா மட்டும் எப்படித்தான் கேக்குமோ!’

மறுபடி ஓடவிடச் சொன்னார். பிறகு இன்னொரு முறை.

“இதச் சொல்லவா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா?”

அந்தப் பக்கம் நின்றவள் நான்தானே, அக்கா. மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கல்யாணப் பெண்போல நீங்கள் சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன். கைப்பேசியில் அது விழவில்லை. அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து, மெல்ல வாயசைத்து அதைச் சொன்னேன்.

“வெக்கப்பட்டாளா? அவளா?” என்றவர், சட்டென்று முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

திரும்பிக்கொண்ட அந்த இரண்டு முகங்களும் என்னோடு இருக்கின்றன, அக்கா.