என் தமால் வண்டியில் இரண்டு டிவி

எலாடியோ,

விற்க அவித்த சோளமாவுத் தமால் பானையை ஏற்றப் போனால், என் வண்டியில் இரண்டு பழைய டிவிகளை முதுகோடு முதுகாகக் கட்டி வைத்திருக்கிறாய்! ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சண்டை கேம் ஆடவாம்! சுடச்சுடப் பானையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு நடக்கிறேன்.

"எதிர்ல உக்காந்து ஆட உன்னை விட்டா யாருடா?" என்று பக்கத்து வீட்டு நாச்சோவிடம் நேற்று வழிந்தாயே, கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் தெருமுனை மருந்துக்கடை வாசல் வீடியோ கேம் மிஷினில் தினமும் உன்னைத் தோற்கடித்து ஸ்டூலை விட்டு எழுப்பியது யார்? நாச்சோவா?

அடுப்பில் பீன்ஸ் இருக்கிறது, சூடாக்கிக்கொள். நாச்சோ வந்தால் உள்ளே விடாதே.

ரொமெல்யா

பி.கு.: டிவிகளை இறக்காதே. சாயங்காலம் எதிரில் நான் உட்காருவேன். தோற்றவர் நாளைக்குப் பானை சுமக்கட்டும்.