புதன்கிழமை மதியக் காட்சி

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நானும் அம்மாவும் உடம்பளவில் சுகமாகத்தான் இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு உயரமான நாற்காலி ஒன்று கொடுத்திருக்கிறார்கள், இப்போது உட்கார்ந்தபடியே ரத்தம் எடுக்கிறாள். பால்கனியில் நீ வைத்துவிட்டுப் போன செடி செத்துப் பிழைத்து இரண்டு இலை விட்டிருக்கிறது. வாராவாரம் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கூரியரில் கடிதம் அனுப்புகிறார் என்று பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்படியும் சொல்ல முடியாது, ஒருவருக்கு ஆகியிருக்கிறது, அதைத்தான் எழுத வந்தேன். வரும் வெள்ளிக்கிழமை நீ ஆபீசில் ராஜினாமாக் கடிதம் கொடுக்கப் போவதாகச் சொன்னாய். சொல்லிவிட்டு, “உங்களைப் பாத்துதாம்பா எனக்கு தைரியமே வந்துச்சு” என்றாய். நான் சிரித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தேன். போனை வைத்த பிறகு சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவுகிற சாக்கில் ரொம்ப நேரம் நின்றேன். என்னைப் பார்த்து அந்த முடிவை எடுக்காதே கண்ணு. முதலில் இதைக் கடைசி வரை படி.

இருபத்தாறு வருஷம் லிஃப்ட் கம்பெனியில் கிடந்தவன் ஏன் வெளியே வந்தேன் என்று உனக்குத் தெரியும். கடைசி இரண்டு வருஷம் கையில் ஒரு டேப்லெட்டைத் திணித்து, ஒரு லிஃப்டைப் பார்க்கப் பன்னிரண்டு நிமிஷம்தான் என்று கணக்கு வைத்தார்கள். பன்னிரண்டு நிமிஷத்தில் மொட்டைமாடி மெஷின் அறைப் பூட்டைத் திறக்கத்தான் நேரம் இருக்கும். பார்க்காததைப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட மனசு கூசியது. அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்தபோது என் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது, அது பொய்யில்லை. உன் அறைப் புத்தக அலமாரியில் ஸ்பேனர்களை அடுக்கினேன், மூன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் பராமரிப்பு வேலையை நம்பிக் கொடுத்தன. அம்மாவைக் காலையில் வேலைக்குக் கொண்டு விட்டேன், மதியம் ஒரு குட்டித் தூக்கம் போட்டேன், என் நேரத்துக்கு நானே முதலாளி என்று உன்னிடம் மார் தட்டினேன். அதெல்லாம் நிஜம்தான். நிஜத்தில் நல்லதாகப் பொறுக்கிச் சொன்னேன், அவ்வளவுதான். போனைக் குளியலறைக்குள் எடுத்துப் போனதைச் சொல்லவில்லை. சித்தப்பா மகன் கல்யாணத்தில் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து ஓடியதைச் சொல்லவில்லை. காய்ச்சலோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏழு மாடி ஏறிப்போய், மெஷின் அறையில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து கம்பியைப் பிடித்து உட்கார்ந்ததைச் சொல்லவில்லை. யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று வந்தவன் ஒரு போன் மணிக்குக் கைகட்டி நின்றேன். கம்பெனியில் எனக்கு உடம்பு சரியில்லை என்றால் வேறொருவன் போவான், அவனைக்கூட நான் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். இங்கே அந்தச் சோம்பேறியும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டால் மட்டும் ஜம்மென்று இருப்பதாகச் சொல்வேன். அப்பாவைப் பற்றித் தோழிகளிடம் பெருமையடித்ததாக நீ ஒரு தடவை சொல்லிவிட்டாயே, அதற்கப்புறம் எப்படி மாற்றிச் சொல்வது?

இப்போது அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். வேலைநாளில் மதியக் காட்சிக்குப் போனேன், தியேட்டரில் ஏழெட்டுப் பேர்தான், முன் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு ராஜா மாதிரிப் பார்த்தேன் என்று உன்னிடம் சொன்னேனே, அந்தப் புதன்கிழமை. நீ கூட விழுந்து விழுந்து சிரித்து, வாழ்ந்தால் இப்படி வாழணும் என்றாய். அன்றைக்கு நடந்த மீதியைக் கேள். அந்த வாரம் மூன்றாவது கட்டடத்து வாட்ச்மேன் ஏற்கெனவே மூன்று தடவை கூப்பிட்டிருந்தார். ஒரு தடவை லிஃப்டுக்குள் விளக்கு மினுக்குகிறது என்று, ஒரு தடவை ஏதோ சத்தம் என்று, ஒரு தடவை பிள்ளைகள் எல்லாப் பொத்தானையும் அமுக்கிவிட்டார்கள் என்று. மூன்று தடவையும் ஓடினேன். புதன்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது எனக்குள் என்னவோ அறுந்து போயிற்று. சட்டையை மாட்டிக்கொண்டு நேராகத் தியேட்டருக்குப் போனேன். படம் தொடங்கி அரைமணி நேரம் இருக்கும், பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். அதே வாட்ச்மேன். விளக்காகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை, அப்படிக்கூட நினைக்கவில்லை, இது என் நேரம், இதற்காகத்தானே வேலையை விட்டேன் என்று நினைத்தேன். போனைத் தொடையில் கவிழ்த்து வைத்தேன். அது அடங்கி மறுபடி அதிர்ந்தது, மறுபடி, மறுபடி. கையை மேலே வைத்து அழுத்திக்கொண்டேன். கடைசியில் அணைத்துவிட்டேன்.

அந்தக் கட்டடத்தில் ஐந்தாவது மாடியில் ஒரு பேக்கரிக்காரர் இருக்கிறார், என் வயசுதான், பத்து வருஷமாகத் தனியாகக் கடை நடத்துகிறார், விடியக்காலையில் அடுப்பு மூட்டிவிட்டு மதியம் வீட்டுக்கு வந்து கொஞ்சம் படுத்து, சாயங்காலச் சரக்குப் போடத் திரும்பிப் போவார். அன்றைக்கு அவர் லிஃப்டில் இறங்கும்போது கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனால் பேட்டரியில் ஓடிப் பக்கத்து மாடியில் போய் நிற்க வேண்டும், அந்த பேட்டரி செத்துக் கிடந்தது, மாற்றச் சொல்லிக் கட்டடச் சங்கத்துச் செயலாளருக்கு நான் இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தேன், அவர் அடுத்த மாசம் அடுத்த மாசம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில், இருட்டில், மின்விசிறியும் நின்று போய், ஒன்றே முக்கால் மணி நேரம் அந்த மனுஷர் உள்ளே இருந்தார். ஏற்கெனவே நெஞ்சில் கோளாறு உள்ளவர். முதலில் கதவைத் தட்டினாராம், அப்புறம் தட்டவில்லையாம். வாட்ச்மேன் எனக்குப் பதினொரு தடவை கூப்பிட்டிருக்கிறார். கடைசியில் தீயணைப்புக்காரர்கள் வந்து கதவை நெம்பித் திறந்தபோது அவர் தரையில் சுருண்டு கிடந்திருக்கிறார். தியேட்டரிலிருந்து அந்தக் கட்டடம் வண்டியில் பத்து நிமிஷம்தான். நான் போயிருந்தால் மெஷின் அறையில் பிரேக்கைக் கையால் தளர்த்திக் கேபினை ஒரு மாடி இறக்க இன்னொரு ஐந்து நிமிஷம். படம் முடிந்து வெளியே வந்து போனைப் போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்போது அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள்.

எங்கே இருந்தீர்கள் என்று வாட்ச்மேன் கேட்டார். வேறொரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருந்தேன், போன் மேலே பையில் இருந்தது என்று வாய் கூசாமல் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். அன்றைக்கே கூட்டம் போட்டார்கள், நான் எழுதிக் கொடுத்த இரண்டு கடிதத்தையும் எடுத்துப் படித்தார்கள், பழி மொத்தமும் செயலாளர் தலையில் விழுந்தது. அவர் மேல் தப்பு இல்லாமலில்லை, ஆனால் பாதித் தப்புக்கு முழுத் திட்டு வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் நான், பொறுப்பான மனுஷன் என்று பேர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேக்கரிக்காரர் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார், என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டேன், எதற்கு என்று சொல்லாமல் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தனியா தொழில் பண்றவன் கஷ்டம் எனக்குத் தெரியும் சார். மாத்தி விட நமக்கு யாரு இருக்கா” என்றார். அவர் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ என்ன விசேஷம் என்று கேட்டாய், அம்மா டியூட்டிக்குப் போயிருந்தாள், என் வாய் தானாகத் திறந்து படம் பார்த்த கதையைச் சொல்லிற்று. யாரிடமாவது கொட்டிவிட வேண்டும் என்று உள்ளே முட்டிக்கொண்டிருந்ததோ என்னவோ, பாதியைச் சொன்னேன், நல்ல பாதியை. அதைக் கேட்டு நீ வேலையை விடக் கிளம்புவாய் என்று நான் கண்டேனா?

நீ போன ஞாயிற்றுக்கிழமை ராஜினாமா என்று சொன்ன பிறகு என்னால் அடக்க முடியவில்லை. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள், அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த துண்டை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள், “மொதல்ல அந்த மனுஷன்கிட்ட போய்ச் சொல்லுங்க. அப்புறம் பொண்ணுக்கு எழுதுங்க. போன்ல வேணாம், போன்ல உங்களுக்குப் பொய் சரளமா வருது.” நேற்றுக் காலை போனேன். பேக்கரிக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் அடுப்புப் பக்கம் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், கடையை மூடி வைத்திருக்கிறார். ஐந்து மாடியும் படியேறித்தான் போனேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், நான் நின்றுகொண்டே சொன்னேன். போன் வந்தது தெரியும், பார்த்துவிட்டுத்தான் எடுக்கவில்லை, சினிமா பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், “என்ன படம்?” என்று கேட்டார். சொன்னேன். “நல்லா இருந்துச்சா?” என்றார். அப்புறம் கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார். சாத்திவிட்டு வந்தேன். கீழே செயலாளர் வீட்டிலும் போய்ச் சொல்லி, எழுதியும் கொடுத்தேன். அவர் கத்தவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. சாயங்காலமே இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், விஷயம் காதுக்கு எட்டி இன்னொரு கட்டடமும் விலகிக்கொண்டது. அந்த பேட்டரியை மட்டும் நானே மாற்றிக் கொடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன், என் கை பட்டதில் ஏறவே எல்லாரும் பயப்படுகிறார்களாம்.

அம்மா என்னோடு வேண்டியதை மட்டும் பேசுகிறாள். மிச்சமிருக்கிற ஒரு கட்டடத்தை வைத்துக்கொள்வதா, பழைய கம்பெனி வாசலில் போய் நிற்பதா, இந்த வயசில் என்னை உள்ளே விடுவார்களா, ஒன்றும் தெரியவில்லை. உன் அறையில் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றவில்லை. உன்னை வேலையிலேயே கிட என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பன்னிரண்டு நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டவன் நான், அந்தக் கையெழுத்தை நம்பி எத்தனை பேர் ஏறினார்களோ, அங்கே இருந்தது சரி என்றும் சொல்ல மாட்டேன். நீ சின்னக் கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுக்கப் போகிறாய், மலை மேல் உட்கார்ந்துகூட வேலை பார்க்கலாம் என்கிறாய், உன் வேலையில் யாரும் இருட்டில் மாட்டிக்கொள்ளப் போவதில்லை. இருந்தாலும் உன்னை நம்பி ஒருத்தர் இருப்பார். உனக்கு ஒரு நாள் அலுத்துப் போகும், அலுக்காத மனுஷர் கிடையாது, அன்றைக்கு அவருக்கு யார் பதில் சொல்வார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள். நான் அதை யோசிக்கவே இல்லை, யோசிக்கத் தேவையில்லாத அளவுக்கு என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டேன். இந்த வெள்ளிக்கிழமை மட்டும் ராஜினாமாவைக் கொடுக்காதே கண்ணு. காலைப் பிடித்துக் கேட்கிறேன். ஒரு மாசம் தள்ளிப் போடு, அதற்கப்புறமும் உன் மனசு அதையே சொன்னால் கொடு, நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

நீ நூறு வயசு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், உன் கை வைத்தது விளங்க வேண்டும். கண் எரிகிறது என்றாயே, டாக்டரிடம் காட்டு, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே. இதைப் படித்துவிட்டு என் மேல் கோபம் வந்தால் வரட்டும், அடக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அம்மாவின் நம்பருக்கே கூப்பிடு. அவளிடம் பேசி முடித்த பிறகு, என்னோடு பேச உனக்கு மனசிருந்தால், அவளிடம் சொல். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா