அப்புச்சி என்று கூப்பிட்டது என்னைத்தான்

அம்மிணி,

போனை நீ பாதியில் வைத்துவிடுவதால் எழுதுகிறேன்.

பேத்திக்கு உயரம் போதவில்லை என்று வளர்ச்சி ஹார்மோன் சோதனைக்கு உன் மாமனாரைக் கூட்டிக்கொண்டு போனாய். முதல் தடவை என்னோடு போனபோது டாக்டர் திருப்பி அனுப்பியதுதான் காரணம். ஹார்மோனைத் தூண்ட அவர்கள் ஏற்றும் ஆர்ஜினின் என்ற சத்து கடலையிலும் இருக்கிறது. அதனால் காலையில் கடலைமிட்டாய் கொடுத்தேன். சோதனைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று என்னிடம் யார் சொன்னார்கள்?

பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் என்றாலும் நானும் படித்துத்தான் வைத்திருக்கிறேன். குளோனிடின் மாத்திரை மூளையைத் தூண்டி ஹார்மோனைச் சுரக்க வைக்கும், பிள்ளைக்குத் தூக்கமும் வரும். அந்த மயக்கத்தில் அவள், "அப்புச்சி, ஊட்டுக்குப் போலாங்க" என்றாளாம். "இங்கதான் இருக்கறேன் கண்ணு" என்று உன் மாமனார் பதில் சொன்னாராம். நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய்.

அம்மாவைப் பெற்றவன்தான் அப்புச்சி. அப்பாவைப் பெற்ற அவர் அப்பாரு. என்னைக் கூப்பிட்டதற்கு அவர் எப்படிப் பதில் சொல்லலாம்?

சுரப்பு குறைவாக வந்ததால், புதன்கிழமை ஆர்ஜினினை நரம்பில் ஏற்றி மறுபடி பார்ப்பார்கள். அதற்குத் தூக்கம் வராது. பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்று அவளையே கேள். அவரைச் சொன்னால் நான் வெளியே உட்கார்ந்துகொள்கிறேன். வராமல் மட்டும் இருக்க மாட்டேன்.

உன்னைப் பெற்றவன்