பெரியபாளையத்தில் நின்ற வண்டி

ஜூலை 31, வியாழன்

காலையில் தூறல். மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் சிப்காட் ஆலைக் கரி படிந்து கோடு கோடாக. மறுபடி ஊறவைத்துவிட்டு ஓட்டம். பத்து நிமிடம் தாமதம். ஒர்க் ஷாப் முதலாளி பாஸ்கர் அண்ணன் கவனிக்கவே இல்லை. அவர் கண்ணெல்லாம் வாசலில். குட்டி யானை லோடு வண்டி ஒன்று கயிறு கட்டி ஒரு வெள்ளைக் காரை இழுத்து வந்துகொண்டிருந்தது.

தேவசகாயம் அண்ணன் வண்டி. வாரம் மூன்று நாள் கஸ்தூரி அம்மாவை டயாலிசிஸுக்குச் சென்னை கூட்டிப்போய்க் கூட்டிவருகிறவர். இன்று அந்த அம்மாவை வைத்துக்கொண்டே தச்சூர் கூட்ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் ரோட்டோரம். அப்புறம் வேறு வண்டி பிடித்து அனுப்பியிருக்கிறார்.

"அந்தம்மா மூச்சு வாங்கினு உக்காந்துகினு இருந்துச்சி. என்னால பாக்க முடியல ஜெயந்தி." சட்டையெல்லாம் வேர்வை.

ஜூனிலிருந்து இப்படித்தானாம். ஓடும், ஓடும், திடீரென்று செத்துவிடும். கால் மணி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். இன்று அதை நம்பி ஓட்டப் பயந்து, கட்டி இழுத்தே வந்துவிட்டார். பெட்ரோல் பம்பு மாற்றியாகிவிட்டது. பிளக் மாற்றியாகிவிட்டது. ரிலேகூடப் புதுசு. கடைசியாகப் பார்த்த இடத்தில் எஞ்சின் கம்ப்யூட்டரையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். அந்த விலைக்கு வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார். திங்கள் பதினோரு மணிக்கு வாங்குகிற ஆள் வருகிறான்.

பா. அண்ணன் என் காதில்: "வுட்டுடு. சூடானா நிக்கிற வண்டி. பேஜாரு புடிச்ச வேல."

நான் ஒரு கேள்விதான் கேட்டேன். வண்டி நிற்கும்போது சாவி ஆனிலேயே இருந்தால் மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறதா?

யோசித்தார். "பேட்டரி லைட்டு, ஆயில் லைட்டு எரியுது. அது மட்டும் எரியல."

 எஞ்சின் நின்று சாவி ஆனில் இருந்தால் அந்த விளக்கு எரிந்தே ஆகவேண்டும். அதை எரிய வைப்பதே கம்ப்யூட்டர்தான். எரியவில்லை என்றால் அந்த நேரம் கம்ப்யூட்டருக்கே கரண்ட் போகவில்லை. கெட்டது கம்ப்யூட்டர் இல்லை. யாரோ அதற்குச் சோறு போடவில்லை!

திங்கள் வரை டைம் கேட்டேன். "நீயும் பாத்துடு" என்றார், நம்பிக்கையே இல்லாமல்.

கேஸ் புக் பண்ண மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வெயில். ஆடி வெள்ளி, தெரு முழுக்கக் கூழ். இரண்டு சொம்பு குடித்தேன்.

பார்த்தவை:
பேட்டரி முனை — சுத்தம்.
எர்த் வயர் — இறுக்கமாக இருக்கிறது.
ஃபியூஸ் — எல்லாம் சரி.
ஸ்கேனர் — பழுதுக் குறியீடு ஒன்றும் இல்லை. (எப்படி இருக்கும்? எழுதிவைக்க வேண்டிய கம்ப்யூட்டரே அந்நேரம் மயங்கிவிடுகிறது.)
மெயின் ரிலே — கருப்பு டப்பா, தீப்பெட்டி அளவு. சாவி போட்டதும் 'டிக்' என்று மூடி, பேட்டரி கரண்டைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் கதவு. 'டிக்' நன்றாகக் கேட்கிறது.

பக்கத்தில் ஹார்னுக்கும் அதே மாதிரி ரிலே. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். மூன்று மணி நேரம் நின்ற இடத்தில் எஞ்சின் ஓடியது. கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல், நிற்காமல். சாகச் சொன்னால் சாகமாட்டேன் என்கிறது.

பா. அண்ணன்: "வண்டி நல்லாத்தானே கீது? கழுவி குட்த்துடு."

நல்லா இருக்கும்போது பார்த்து என்ன பயன். நிற்கிற அந்த நொடியில் பக்கத்தில் இருக்கவேண்டும். ஷேர் ஆட்டோவில் வரும்போதே யோசனை வந்துவிட்டது. பல்பு! பக்கத்தில் இருந்த பெண் போனில் யாரிடமோ "அவன் வாயத் தொறந்தாதான் இன்னா நெனைக்கிறான்னு தெரியும்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்குச் சிரிப்பு. என் வண்டிக்கு பல்புதான் வாய்.

ஊட்டுக்காரர்: "இன்னாத்துக்கு தனியா சிரிச்சினுகிற?" சொன்னேன். பாதியிலேயே தூங்கிவிட்டார். ஃபர்னஸ் டியூட்டி, பாவம்.

ஆகஸ்ட் 2, சனி

மூன்று சின்ன பல்பு, நீள வயர், சால்டர். ஒரு மணி நேர வேலை. டேஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டினேன்.

சிவப்பு: ரிலே வரைக்கும் பேட்டரி கரண்ட் வருகிறது.
மஞ்சள்: ரிலேவுக்கு 'மூடு' என்ற உத்தரவு வருகிறது.
பச்சை: ரிலேவைத் தாண்டி கரண்ட் போகிறது.

வண்டி சாகும்போது எது அணைகிறதோ அங்கேதான் குற்றவாளி. தே. அண்ணன் பார்த்துவிட்டு "கிறிஸ்மஸ் வண்டி மாதிரி ஆக்கிட்ட" என்றார். வந்ததிலிருந்து இப்போதுதான் கொஞ்சம் சிரித்தார்.

எளாவூர் வரை போய்த் திரும்பினோம். ஒன்றுமில்லை. மூன்றும் எரிந்தபடியே. மறுபடி போனோம். மழை வேறு வந்து எஞ்சினைக் குளிப்பாட்டிவிட்டது.

கஸ்தூரி அம்மாவிடமிருந்து அவருக்குப் போன், ஸ்பீக்கரில். "இன்னிக்கு வந்த வண்டிக்காரன் ரேடியோவ அலற வுட்டுட்டான் தேவா. உன் வண்டி எப்பதான் ரெடியாவும்?" அவர் ஸ்பீக்கரை அணைத்தார். விற்கப்போவதை இன்னும் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை போல.

சூடு வேண்டும். நெரிசல் வேண்டும். நாளை ஆடி ஞாயிறு. பெரியபாளையம்!

மகளுக்கு காம்பஸ் பாக்ஸ் இன்னும் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது.

ஒழுங்காக எழுதுகிறேன். பதினொன்றரைக்குக் கிளம்பினோம். தே. அண்ணன் ஓட்ட, நான் பக்கத்தில், கண் பல்பு மேல். கொளுத்தும் வெயில். ஏசி முழுசாக. பெரியபாளையம் கோயில் நெருங்க நெருங்க வேன், டிராக்டர், வேப்பிலை கட்டிய ஜனம், பம்பை சத்தம். வண்டி நடந்தது என்றுதான் சொல்லவேண்டும். அரை மணி, முக்கால் மணி. அவர் "திரும்பிடலாமா?" என்று வாயெடுத்தார். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது.

எஞ்சின் அடங்கியது. சிவப்பு எரிகிறது. மஞ்சள் எரிகிறது. பச்சை இல்லை!

"செத்துச்சி! செத்துச்சி!" என்று நான் கத்திய கத்தலில் முன்னால் போன அம்மா வேப்பிலையோடு திரும்பிப் பார்த்தார்.

"நடு ரோட்ல வண்டி நின்னு பூட்ச்சி, நீ இன்னாமா கை தட்ற?" என்றார் தே. அண்ணன்.

"சாவிய தொடாதீங்கண்ணே! அப்டியே இருங்க!"

பின்னால் வேன்காரன் ஹார்ன். இறங்கி ஓடி பானெட்டைத் திறந்தேன். ரிலேவைக் கட்டை விரலால் அழுத்தினேன். உள்ளேயிருந்து அவர் குரல்: "பச்ச வந்துச்சி!" விட்டேன். "பூட்ச்சி!" அழுத்தினேன். "வந்துச்சி!" போலீஸ்காரர் வந்து "இன்னா விளையாட்டு இது?" என்றார். ஒரு நிமிடம் சார் என்று சொல்லி, கொண்டுபோயிருந்த புது ரிலேவை மாட்டினேன். அதுவும் அப்படியே. அழுத்தினால் பச்சை, விட்டால் இல்லை.

ஆக ரிலே நல்ல ரிலே. அது உட்காரும் இருக்கைதான் கெட்டது!

ரப்பர் துண்டு ஒன்றை மடித்து ரிலே மேல் வைத்து, மூடியால் இறுக்கி, வண்டியை ஓரங்கட்டினோம். அப்புறம் ரிலேவைக் கழற்றி, போன் வெளிச்சத்தில் இருக்கைக்குள் பார்த்தேன். நான்கு துளை. ஒவ்வொன்றிலும் ரிலே காலைக் கவ்விப் பிடிக்கப் பித்தளை உதடு. மூன்றில் உதடு மூடியிருக்கிறது. பேட்டரி கரண்ட் வரும் துளையில் மட்டும் வாய் பிளந்து கிடக்கிறது. சூட்டில் விரிந்து, பள்ளத்தில் ஆடி, தொடர்பு விட்டுப்போகிறது. ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கடைக்கு வருமுன் ஒன்பது வருடம் ஹார்னஸ் கம்பெனியில் கார் வயர்களுக்கு இந்த உதடுகளைத்தான் மாட்டினேன். பிடிப்பு இல்லாததைக் கண்ணாலேயே ஒதுக்குவேன். ஸ்கேனருக்கு இது எங்கே தெரியப்போகிறது!

தே. அண்ணன் கோயில் வாசலில் இளநீர் வாங்கித் தந்தார். "கம்ப்யூட்டரே மாத்தணும்னானுங்களே!" என்று மூன்று முறை சொன்னார். ஞாயிறு ஜெபத்துக்குப் போகாமல் வந்தவர், அம்மன் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு வேறு.

கிளம்பும் முன் இன்னொரு முறை உதட்டைப் பார்த்தேன். பித்தளையில் ஒரு நீளக் கீறல். கரண்ட் பார்க்கும் மீட்டரின் தடித்த ஊசியைக் குத்தினால் வருகிற கீறல். யார் குத்தியது?

மே மாதம் இந்த வண்டி எங்கள் கடைக்கு வந்தது. ஹார்ன் அடிக்கவில்லை என்று. முதலில் தவறான ரிலேவைப் பிடுங்கி, அந்தத் துளையில் ஊசியைத் திணித்துப் பார்த்தது நான்.

ரிலேவை மறுபடி மாட்டி, ரப்பரை வைத்து மூடினேன். சொல்லவில்லை. வழி முழுக்க அவர் பேசிக்கொண்டே வந்தார். நான் ம் கொட்டினேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஏழரைக்கே கடை. பழைய ஃபியூஸ் பாக்ஸ் ஒன்றைப் பிரித்து, சரியான அளவில் நல்ல உதடு ஒன்று எடுத்தேன். கெட்டதை அடியிலிருந்து தள்ளி வெளியே எடுத்து, வயரைச் சீவி, புதுசை அழுத்தி, இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். வரவே இல்லை. ரிலேவைச் செருகினால் அழுத்தமாக உட்கார்கிறது. அந்தச் சுகம்! எத்தனை வருடம் ஆயிற்று!

பா. அண்ணனிடம் கீறலைக் காட்டினேன். அவர் முகம் மாறியது. "வேல முடிஞ்ச்சி இல்ல? வாய மூடு. வெளிய தெரிஞ்சா கட பேரு நாறிடும்."

"அவரு வண்டிய விக்கப்போறாருண்ணே. நம்மளால."

"நம்மளால இல்ல. உன்னால."

சரிதான்.

பத்து மணிக்கு தே. அண்ணன் வந்தார். பழைய உதட்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். மேயில் நடந்ததைச் சொன்னேன்.  அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசம் ஜெயந்தி. தெனம் பயந்துகினே ஓட்னேன். அந்தம்மாவுக்கு எதுனா ஆயிருந்தா?"

 சாவியை வாங்கிக்கொண்டார்.  வண்டி சிப்காட் ரோட்டில் திரும்பி மறைந்தது. பதினோரு மணிக்கு ஆள் வந்தானா, விற்றாரா, தெரியாது. இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

பா. அண்ணன் மத்தியானம் டீ வாங்கி வந்து என் மேஜையில் வைத்தார். 

சாம்பாரில் உப்பு போட மறந்துவிட்டேனாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆறு மணிக்கு வாசலில் ஹார்ன். விடாமல்.

வெள்ளை வண்டி! டேஷ்போர்டில் மூன்று பல்பும் ஒட்டியபடி. பின்சீட்டில் கஸ்தூரி அம்மா, மடியில் பை.

தே. அண்ணன் கண்ணாடியை இறக்கினார். "ஏறு. நின்னா நீதான் தள்ளணும்."

"ஆளு வர்லியா?"

"வந்தான். திருப்பி அனுப்பிட்டேன்."

தலை கூட வாரவில்லை, ஏறிவிட்டேன். பா. அண்ணனுக்கு லீவு மெசேஜ். (பதிலுக்குக் கட்டை விரல்.)

கவரைப்பேட்டை தாண்டியதும் நானே திரும்பி அந்த அம்மாவிடம் சொன்னேன். மீட்டர் ஊசி, உதடு, எல்லாம். அவர் முழுசாகக் கேட்டார்.

"அன்னிக்கு ரோட்ல கெடந்தேனே, அது உன்னாலயா?"

"ஆமாம்மா."

மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டார். "நேரா மூஞ்சிய பாத்து சொல்ற. பரவால்ல. அந்த ஏசிய கொஞ்சம் கம்மி பண்ணு, குளுருது."

தச்சூர் கூட்ரோடு. மூன்று பேர் கண்ணும் பல்பு மேல். கடந்தது. செங்குன்றத்தில் லாரி நெரிசல், நாற்பது நிமிடம் ஊர்ந்தோம், ஒவ்வொரு பள்ளமாக. பச்சை, பச்சை, பச்சை. எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. மாதவரத்தில் கத்தியே விட்டேன்.

ஆஸ்பத்திரி வாசல். தே. அண்ணன் எஞ்சினை அணைக்கவில்லை. கை சாவி மேலேயே. "அண்ணே, அணைங்க. கொதிக்கிற சூடு. இப்பதான் பாக்கணும்." அணைத்தார். போட்டார். முதல் திருப்பிலேயே பிடித்தது. மறுபடி அணைத்தார், போட்டார். மறுபடி. அவர் கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

வீல்சேர் வந்து காத்திருக்கிறது. பின்னாலிருந்து கஸ்தூரி அம்மா: "வெள்ளாண்டது போதும் தேவா. கதவ தொற."