நாற்காலியோடு கூட்டத்தையும் தூக்கிப் போன சங்கத் தலைவர் மீது புகார்

அனுப்புநர்:
மு. கங்கையம்மாள்,
காலஞ்சென்ற முருகேசன் மனைவி,
சின்ன காஞ்சிபுரம்.

பெறுநர்:
கூட்டுறவுச் சங்கங்களின் துணைப் பதிவாளர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: எங்கள் தெருப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் தமக்கில்லாத அதிகாரத்தால் என்னை நீக்கியதும், பொதுக்கூட்டத்தைக் கலைத்ததும் – நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் இறந்தபின் அவர் இடத்தில் என்னை உறுப்பினராகச் சேர்த்தது பொதுக்கூட்டம். அன்று முதல் சங்கத்துப் பட்டில்தான் நெய்கிறேன். என் சேலையில் குறை சொல்லி இதுவரை யாரும் திருப்பியதில்லை.

2. சென்ற ஆவணியில் பாவுக்கும் பாதி ஊடைக்கும் பட்டு கொடுத்தார்கள். பாவு தறியில் ஏறி, சேலை பாதி நெய்தாகிவிட்டது. மீதியை நெய்ய ஊடைக்குப் பட்டு வாங்கப் போனபோது, என் முறையைத் தலைவர் திரு. சிட்டிபாபு தம் மைத்துனருக்குக் கொடுத்துவிட்டது தெரிந்தது. ஏன் என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை. அதற்கு அவர் சங்க வாசலில், நாலு பேர் முன்னிலையில், "சங்கம்னா நான்தாம்மா. நான் வேணாம்னா நீ மெம்பர் இல்ல. போய்க்கினே இரு" என்றார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். மறுநாள் ஆளனுப்பி, பாதிச் சேலையோடு பாவை அறுத்து இம்மாத முடிவுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

3. எனக்கு எழுத்துத் தெரியும். சங்கத்தின் துணைவிதியை வாங்கி வாசித்தேன். தலைவர் கூட்டத்தை நடத்தலாம், கையொப்பமிடலாம், பட்டு முறைப்படி போகிறதா என்று பார்க்கலாம். முறையை மாற்ற அவரால் முடியாது. உறுப்பினரை நீக்கும் அதிகாரம் பொதுக்கூட்டத்துக்கு மட்டுமே. அதுவும் அந்த உறுப்பினரின் பதிலைக் கேட்ட பிறகு. தடியெடுத்தவனெல்லாம் தண்டல்காரன் என்றால் துணைவிதியை அச்சடித்தது எதற்கு?

4. உபதலைவர் திரு. கோதண்டபாணி முயற்சியால் சென்ற ஞாயிறு பொதுக்கூட்டம் கூடியது. அவர் என் பெயரை எடுத்ததுமே தலைவர் எழுந்தார். தாம் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஆள் தலையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். தலைவர் நாற்காலி இல்லாமல் கூட்டம் கிடையாது என்று காரியதரிசி அறிவித்தார். அதைவிட வெட்கக்கேடு, வந்திருந்த உறுப்பினர்களும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கலைந்ததுதான். பெருமாள் புறப்பாடாகிவிட்டால் மண்டபத்தில் யாரும் நிற்பதில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அந்த மரியாதையை ஒரு தேக்கு நாற்காலிக்கும் செய்துவிட்டார்கள். தலைவர் போய்விட்டால் உபதலைவர் கூட்டத்தைத் தொடரலாம் என்று அதே துணைவிதியில் இருக்கிறது. நான் அதை உரக்க வாசித்தேன். கோதண்டபாணியைத் தவிர ஒருவரும் நிற்கவில்லை. அவர்கள் மீதும் எனக்குக் கோபம்தான். அதை மறைக்கப் போவதில்லை.

5. ஊடைக்குப் பட்டு மறுத்த நாள் முதல் என் தறி ஓடவில்லை. இந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்தத் தறியால்தான். பாதியில் அறுத்த சேலை சேலையாகாது. பிறகு தாங்கள் எனக்குச் சாதகமாக உத்தரவு போட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

ஆகவே, பாவை அறுக்கச் சொன்ன உத்தரவை உடனே நிறுத்திவைக்கவும், என் முறைப்படி ஊடைக்குப் பட்டு வழங்கச் செய்யவும், தங்கள் அலுவலர் ஒருவர் முன்னிலையில் பொதுக்கூட்டத்தைத் திரும்பக் கூட்டவும் வேண்டுகிறேன். எல்லோரும் கூடி, என் பதிலையும் கேட்டு, நான் வேண்டாம் என்று கை தூக்கினால், அன்றே என் கையால் பாவை அறுத்து ஒப்படைக்கிறேன். ஒரு மனிதர் சொல்லி அறுக்க மாட்டேன். அவர் ஆள் கத்தியோடு வந்தாலும் தறிக்குழியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

காஞ்சிபுரம்,
18-11-1971.

இப்படிக்கு,
மு. கங்கையம்மாள்,
சங்க உறுப்பினர்.