நீ அனுப்பிய மூன்று நாவல்களும் என் தீர்ப்பும்

அன்புள்ள மனைவிக்கு,

நான் சொன்னது சொன்னபடியே நடந்தது. நீ அனுப்பிய மூன்று நாவல்களின் முடிவையும் பத்தாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். உன் முழங்கால் வலி தேவலையா? பிள்ளைகள் சௌக்கியமா?

முதல் நாவலில் கொலைகாரன் வக்கீல்தான். அந்த ஆளின் சிரிப்பே சரியில்லை. இரண்டாவதில் கதாநாயகி நாற்பது பக்கம் அழுகிறாள். புருஷனிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாலு பக்கத்தில் கதை முடிந்திருக்கும்.

என்னைச் சித்தப்பா என்று கூப்பிடும் வெல்டர் என் அறையில்தான் இருக்கிறான். வேலையில் தீப்பொறி தெறித்து அவன் கண்களில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. நான்தான் உரக்கப் படித்துக் காட்டுகிறேன். என் குரலுக்காகவே பக்கத்து அறைக்காரர்களும் வந்துவிடுகிறார்கள். உன் பழைய புடவையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. இங்குள்ள துணி கண்ணை உறுத்துகிறது.

மூன்றாவது நாவல் பிடிக்கவில்லை. தூரத்தில் வேலை பார்ப்பவன் தன் வியாதியை மனைவியிடம் மறைத்தே செத்துப்போகிறான். "இவனெல்லாம் ஒரு மனுஷனா?" என்று கத்தினேன்.

"அவனைத் திட்டுறீங்களே சித்தப்பா, நீங்க மட்டும் என்ன பண்றீங்களாம்?" என்றான் வெல்டர்.

ஆகையால் ஒன்றை மட்டும் திருத்திக்கொள். கட்டு அவனுக்கு இல்லை, எனக்கு. படிப்பதும் இதை எழுதுவதும் அவன்தான். ஒரு கண் தேறிவிடும் என்கிறார் டாக்டர். மற்றதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, நிறுத்துகிறேன்.